கந்தளாயில் திசை கண்ட கரிக்குழாய்கள்

மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பக்கீரின் ஒரே மகள் சித்தி பரீதா. வீட்டிலும் தெருவிலும் பரீதா என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண தரம்வரை ஊரில் படித்தாள். உயர்தரத்துக்குத் திருகோணமலை நகரத்துக்குப் போனாள். லோஞ்ச் என்கிற பயணிகள் படகில் கொட்டியாரக் குடாவைக் கடந்து போக வேண்டும். கடல் எழும்பினால் லோஞ்ச் ஓடாது. சண்டை தொடங்கினாலும் ஓடாது. அப்படிப்பட்ட நாட்களில் நகரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுவாள். இந்தத் தடைகளையெல்லாம் மீறி அவள் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் எடுத்தாள். அங்கேயே முதுதத்துவமாணி, அதாவது எம்.பில்., ஆய்வுக்கும் சேர்ந்தாள்.

ஆய்வின் பொருள் என்னவென்று ஊரில் கேட்டால் அவளுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். "தலைமயிர் ஒண்ட ஆயிரக்கணக்கான இழையாப் பிளந்தா எவ்வளவு மெல்லிசா வரும்? அவ்வளவு மெல்லிய குழாய். முழுக்கக் கரி. காபன் நனோக்குழாய் எண்டு பேர்" என்பாள். அந்தக் குழாயின் நீளப்பாட்டில் மின்சாரம் நன்றாக ஓடும். ஆனால் குழாய்கள் வைக்கோல்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் அந்தக் குணம் பயன்படாமல் போகிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து, அப்படியே ஒரு பிசினுக்குள் உறைய வைத்தால், ஒரு திசையில் மட்டும் மின்சாரம் ஓடுகிற தகடு கிடைக்கும். அதற்காகக் குழாய்களின்மேல் காந்தத்துக்கு இணங்குகிற இரும்பு ஒட்சைட்டை வளர்த்து, பிறகு காந்தத்தைக் கொண்டு அவற்றைத் திருப்புவது என்பதுதான் பரீதா எடுத்துக்கொண்ட வேலை.

குழாய்களை நைத்திரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தாள். அப்போதுதான் அவற்றின் மேற்பரப்பில் இரும்பு பிடித்துக்கொள்ள இடம் உண்டாகும். இருவகை இரும்பு உப்புகளைக் கரைத்துச் சேர்த்து, காற்றுப் படாமல் நைதரசன் வாயுவை ஊதிக்கொண்டே அமோனியாவைத் துளித்துளியாக விட்டாள். கரைசல் கறுத்தது. முகவையின் பக்கத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்தால், கறுப்பு முழுவதும் அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தெளிந்தது. அன்றைக்கு அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கறுப்பு காந்தத்தை நோக்கி ஓடியதே தவிர, திசை பிடித்து நிற்கவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஓரத்தில் கட்டிகட்டியாகக் குவிந்து கிடந்தது. ஆய்வுகூடத்திலிருந்த வலுவான காந்தத்தைக் கொண்டுவந்தாள். இன்னும் வேகமாக ஓடி, இன்னும் பெரிதாகக் குவிந்தது. இரும்பு போதவில்லையோ என்று அளவைக் கூட்டினாள். நிலைமை மோசமானதுதான் மிச்சம். அவளுடைய மேற்பார்வையாளர் பேராசிரியர் பாக்கியரத்தினம் பொறுமையான மனிதர். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தார்கள். இருவருக்குமே விடை தெரியவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை, புதிதாகச் செய்த கறுப்புத் திரவத்தைச் சின்னப் போத்தல் ஒன்றில் ஊற்றி, வேறு பகுதியிலிருந்த நல்ல நுணுக்குக்காட்டியில் பார்க்க எடுத்துக்கொண்டு போனாள். வழியில் சிற்றுண்டிச்சாலை வானொலியில் மூதூர் என்ற சொல் காதில் விழுந்தது. ஊருக்குள் தமிழ் இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் சண்டை, ஷெல் விழுகிறது, சனம் வெளியேறுகிறது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். இணைப்பு இல்லை. மறுபடியும் எடுத்தாள். இல்லை. விடுதிக்கு ஓடி, கையில் இருந்ததை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். போத்தலும் அந்தப் பைக்குள் இருந்தது என்பது பஸ் தம்புள்ளை தாண்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மூதூர்ச் சனம் நடந்தே, திருகோணமலைக்குப் போகிற தெருவிலுள்ள கந்தளாய்க்கு வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல்கள், மரநிழல்கள், எங்கும் ஆட்கள். பரீதா அங்கேயே பஸ்ஸை விட்டு இறங்கி ஒவ்வோர் இடமாகத் தேடினாள். தெரிந்த முகங்களைக் கண்டு ஓடிப்போய்க் கேட்டாள். "வாப்பாவ வழியில கண்டன்" என்றார் ஒருவர். "உம்மாவக் காணல்ல" என்றார் இன்னொருவர். அடுத்த நாள் மத்தியானம், ஒரு தமிழ்ப் பாடசாலையின் கிணற்றடியில் வரிசையைக் கடந்து போனபோது பின்னால் குரல் கேட்டது.

"மகள்! அடியே பரீதா!"

அவளுடைய உம்மா நபீஸா. முந்தானை முழுக்கச் செம்புழுதி. பரீதா ஓடிப்போனாள். உம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாப்பா?"

"இருக்கார், இருக்கார். கால்தான் வீங்கிப் போச்சு. அல்ஹம்துலில்லாஹ், மூணு பேரும் உசிரோட இருக்கம்." உடனே நபீஸாவுக்குக் கோபமும் வந்தது. "உங்கட வாப்பாட வேலையப் பாரு. உடுப்பு எடுங்க எண்டு நான் கத்துறன். மனிசன் ஸ்பனர் பையத் தூக்கிட்டு வந்திருக்கார். இவ்வளவு தூரம் அந்த இரும்பச் சுமந்துதான் கால் இப்பிடி."

வகுப்பறை ஒன்றின் மூலையில், சுவரில் சாய்ந்திருந்த பக்கீர் மகளைக் கண்டு சிரித்தார். "உடுப்பு யாரும் தருவாங்க மகள். எண்ட சாமான யார் தருவா?"

அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அன்னலட்சுமி டீச்சர். கந்தளாயிலேயே பிறந்து வளர்ந்தவர். பாடசாலை முகாமாக மாறிய முதல் நாளிலிருந்து அவர் வீட்டுக்குப் போனது குளிக்க மட்டும்தான். பவுசர் லொறியில் வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. தண்ணீருக்குக் குளோரின் தூள் போட வேண்டும், அளவு பிசகக் கூடாது. டீச்சர் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்க் கேட்டார்.

"கெமிஸ்ரி படிச்ச ஆக்கள் யாரும் இருக்கிறீங்களா?"

பரீதா எழுந்து நின்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தண்ணீர்த் தாங்கிகளின் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். தூளைக் கரைத்து ஊற்றி, கலக்கி, வேலை செய்ய நேரம் விட்டு, மணந்து பார்த்து, பிறகுதான் குழாயைத் திறக்க விடுவார்கள். முதல் நாளே ஒரு மனிதர் குடத்தைக் கீழே வைத்தார். வழியில் மகனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

"தமிழாள்ட கையால என்னத்தப் போட்டிருக்கெண்டு எங்களுக்கென்ன தெரியும்? நான் குடிக்க மாட்டன். எண்ட பேரப்புள்ளைக்கும் குடுக்க மாட்டன்."

வரிசை அப்படியே நின்றது. அன்னலட்சுமி டீச்சரின் முகம் வெளுத்தது. நபீஸா வரிசையை விட்டு முன்னால் வந்தார். குவளையை வாங்கி, குழாயைத் திறந்து, நிறைத்து, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தார்.

"கொஞ்சம் மருந்து மணக்குது. வேற ஒண்டுமில்ல. காக்கா, புள்ளைக்குத் தாகமாயிருக்கும், குடத்தப் புடிங்க" என்று அந்த மனிதரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த மனிதர் குனிந்து குடத்தை எடுத்தார். குழாயடியில் பிடித்தார்.

மாலையில் தாங்கிகளைக் கழுவும்போது பரீதா மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் தலையை அசைத்தார். "அவருக்குப் பிள்ளை போன துக்கம். நான் அதில பிழை பிடிக்க ஏலாது." கையில் இருந்த தூரிகையைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சொன்னார்: "என்ர தங்கச்சி புஷ்பவதி மூதூருக்குத் தெற்கால, ஈச்சிலம்பற்றில. புருசன், பிள்ளையளோட இருந்தவள். அந்தப் பக்கமும் ஷெல் அடிக்கிறாங்களாம். அவையள் எங்கால போனவை எண்டு ஒரு கதையும் இல்லை. அவளுக்கும் இப்ப யாரும் தண்ணி குடுப்பினம் எண்டு நினைச்சுத்தான் நான் இங்க நிக்கிறன்."

பரீதாவுக்கு அன்றைக்கு வந்த அழுகை உம்மாவைக் கண்டபோதுகூட வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றோட்டம் குறைந்தது. நிவாரணச் சாமான்களும் வரத் தொடங்கின. பரீதாவுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆய்வுக்கான காலம் கரைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனாலும் அதே கட்டிகள்தான் என்ற நினைப்பு. ஒரு மத்தியானம் இதை டீச்சரிடம் சொன்னாள். பையிலிருந்து போத்தலையும் எடுத்துக் காட்டினாள்.

"எங்கட லாப்பில நுணுக்குக்காட்டி ஒண்டு இருக்கு" என்றார் டீச்சர். "பழசுதான். ஆனா கண்ணாடி நல்ல கண்ணாடி. வாங்கோ, பாப்பம்."

அமிலங்கள் இருந்ததால் ஆய்வுகூடத்தை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். யன்னலைத் திறந்ததும் வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. போத்தலில் கறுப்பு முழுவதும் அடியில் படிந்திருந்தது. மேலே தேநீர்ச் சாயம்போல மெல்லிய மண்ணிறத் தண்ணீர். வழக்கமாக இருந்தால் பரீதா அதை நன்றாகக் குலுக்கித்தான் எடுத்திருப்பாள். ஆனால் பஸ் நெரிசலில் மூடி வெடித்துப்போய், பிளாஸ்ரரால் சுற்றி வைத்திருந்தாள். குலுக்கினால் ஒழுகும். ஆகவே துளிசொட்டியை மேல் தண்ணீரில் மட்டும் தோய்த்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டாள். இதில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தாள்.

இருந்தது. மெல்லிய கறுப்புத் துரும்புகள், அங்குமிங்குமாக, ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. ஒரு கட்டிகூட இல்லை. தனிக் குழாயை அந்த நுணுக்குக்காட்டியால் பார்க்க முடியாது. சில குழாய்கள் சேர்ந்த சின்னக் கற்றைகள்தான் அவை.

"காந்தம் ஒண்டு இருக்கா டீச்சர்?"

பாடசாலைக் காந்தங்கள் பழசாகி வலுவிழந்துபோயிருந்தன. பரீதா வகுப்பறைக்கு ஓடினாள். படகின் அடித்தட்டில் விழுகிற ஆணிகளையும் நட்டுச் சுரைகளையும் பொறுக்குவதற்கு வாப்பா இரண்டு தட்டைக் காந்தங்கள் வைத்திருந்தார்.

"எதுக்கு மகள்?"

"ஒண்டு பாக்கணும் வாப்பா."

"விரலப் பாத்து. ரெண்டும் ஒண்ட ஒண்டு இழுத்தா நசிச்சுப் போடும்."

ஒரு காந்தத்தை மட்டும் பக்கத்தில் வைத்தபோது, துரும்புகள் பழையபடி அந்தப் பக்கம் நகரத் தொடங்கின. பரீதா காந்தத்தை எடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுத்தால் எங்கே போகும்? சோக் பெட்டிகள் இரண்டை முட்டுக்கொடுத்து, தகட்டின் இரண்டு பக்கமும் காந்தங்களை எதிரெதிராக, சமதூரத்தில் நிறுத்தினாள். மீண்டும் கண்ணை வைத்தாள்.

துரும்புகள் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பின. முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு எல்லாம். குடாவில் நங்கூரம் போட்ட தோணிகள் காற்று மாறும்போது ஒவ்வொன்றாக அணியமாகிய முன்பக்கத்தைத் திருப்பி ஒரே முகமாக நிற்குமே, அப்படி. பரீதா காந்தங்களைக் குறுக்கே மாற்றி வைத்தாள். தோணிகள் புதிய திசைக்குத் திரும்பின. இரண்டாம் முறை மாற்றினாள். மறுபடியும் திரும்பின.

அவள் எழுந்து இடம் விட்டாள். டீச்சர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மீண்டும் குனிந்தார்.

"அம்மாளாச்சி! எல்லாம் ஒரு பக்கமா நிக்குதே!"

பிறகு நபீஸாவைக் கூப்பிட்டு வந்தார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க நபீஸாவுக்கு வரவில்லை. டீச்சர் தன் கையால் அவரது கண்ணைப் பொத்திவிட்டார். பார்த்தவர், "தொழுகைக்கு ஸப்பில வரிசையா நிண்டு எல்லாரும் கிப்லாத் திசையப் பாத்த மாதிரியில்லையா இருக்கு" என்றார். பக்கீர் நொண்டிக்கொண்டு வந்தார். முகாமிலிருந்த மற்றவர்களும் வந்தார்கள். குடத்தைக் கீழே வைத்த அந்த மனிதரும் பேரனோடு வந்து, பேரனைத் தூக்கிக் காட்டிவிட்டு, தானும் பார்த்துவிட்டு, டீச்சரிடம் "நல்லாயிரிக்கு டீச்சர்" என்று சொல்லிப் போனார்.

என்ன நடந்தது என்பது அன்று மாலை தாங்கிகளுக்குத் தூள் கரைக்கும்போதே பரீதாவுக்கு விளங்கியது. இரும்பு அதிகமாகப் பிடித்த குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டிப்பிடித்து, பாரத்தால் அடியில் போய்விட்டன. அளவாகப் பிடித்தவை மட்டும் மேலே மிதந்தன. ஆய்வுகூடத்தில் அவள் ஒரு நாளும் அவற்றைப் படிய விட்டதில்லை. செய்தவுடன் குலுக்கிப் பார்த்து, கட்டியைக் கண்டு மனம் சலித்து ஊற்றிவிடுவாள். கந்தளாயில் வீணாகப் போகிறது என்று அவள் நினைத்த நாட்களில் போத்தல் சும்மா இருக்கவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பல வருடம் கழித்து, இதை எழுதுகிற என்னிடம் கதையாகச் சொன்னபோது பரீதா, "அந்த நாளுகள ஆண்டவன் எனக்குத் தந்ததெண்டு சொல்ல வாய் கூசுது. அந்த நாளுகளில எத்தின பேர் செத்தது. ஆனா எனக்குக் கிடைச்சதுக்கு நன்றி சொல்லாம இருக்கவும் ஏலாது" என்றாள்.

மாத முடிவில் சனம் மூதூருக்குத் திரும்பத் தொடங்கியது. வாப்பாவையும் உம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பரீதா கண்டிப் பக்கம் போகப் புறப்பட்டாள். மேல் தண்ணீரை மட்டும் டீச்சர் கொடுத்த புதுப் போத்தலில் எடுத்து வைத்திருந்தாள். வாப்பாவின் காந்தங்களும் அவளிடம் இருந்தன. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருவர் பையைக் கிளறி, போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கரியும் இரும்பும். படிப்புக்குச் செய்தது" என்று பரீதா தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

"வெடிக்குமா?"

"இல்லை மிஸ். வெறும் தண்ணீர்."

"ஊற்றிக் காட்டு."

அதை ஊற்றினால் பரீதாவின் கையில் வேறு எதுவும் இல்லை. "மிஸ், ஊற்றாமலே காட்டுறன்" என்று காந்தத்தை எடுத்துப் போத்தலோடு ஒட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மண்ணிறம் காந்தத்தின் பக்கம் கூடி, கண்ணாடியில் ஒரு கறுத்த புள்ளி தோன்றியது. காந்தத்தை எடுத்தாள். புள்ளி புகைபோல விரிந்து கலைந்தது. பெண் பொலிஸ் வாயில் கையை வைத்துச் சிரித்தார். இளம் பெண்தான். பரீதாவின் வயதே இருக்கும். "இன்னொரு தடவை" என்றார். பரீதா காட்டினாள். அவர் போத்தலைத் துண்டால் சுற்றி, பைக்குள் நிமிர்த்தி வைத்து, தானே பையைப் பூட்டிக் கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாக்கியரத்தினம் சேர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "உம்மா, வாப்பா சுகமா?" என்பதுதான். பிறகுதான் போத்தலைக் கையில் எடுத்தார்.

பரீதா இரும்பைக் குறைத்தாள். செய்ததைப் படிய விட்டு, மேலே மிதப்பதை மட்டும் எடுத்தாள். சமவலுவுள்ள காந்தங்களை எதிரெதிராக வைத்து, நடுவில் பிசினை உறைய வைத்தாள். முதல் தகடு தோற்றது. குழாய்கள் திரும்பி முடிவதற்குள் பிசின் இறுகிவிட்டது. மெதுவாக இறுகுகிற பிசினுக்கு மாறினாள். அப்படிச் செய்த தகட்டை அளந்தபோது, காந்தம் காட்டிய திசையில் மின்சாரம் தாராளமாகப் போனது. குறுக்கே வைத்து அளந்தால் கருவியின் முள் அசைவேனா என்றது. பரீதா மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சேர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

அடுத்த வருடம் புஷ்பவதியைப் பற்றித் தகவல் வந்தது. குடும்பத்தோடு வாகரைக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம் ஒன்றுக்கு வந்திருந்தார்கள். கணவனின் கையில் காயம், மற்றபடி எல்லோரும் உயிரோடு. அன்னலட்சுமி டீச்சர் தொலைபேசியில் சொல்லி முடிக்கும்போது, மூதூரில் நபீஸா மறுபக்கத்தில் விசும்பிக்கொண்டிருந்தார். புஷ்பவதி குடும்பத்தார் ஈச்சிலம்பற்றுக்குத் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை. கணவனின் மீன்பிடித் தோணி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. எஞ்சின் துருவேறிக் கிடந்தது. பக்கீர் யாரும் கேட்காமலே போனார். அங்கேயே தங்கி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, புஷ்பவதியின் கணவனோடு கடலுக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். வரும்போது கை நிறையக் கருவாடு.

பரீதாவுக்குப் பட்டமளிப்பு நடந்தபோது வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. வழியெல்லாம் சோதனை. ஆனாலும் வாப்பாவும் உம்மாவும் மூதூரிலிருந்து புறப்பட்டார்கள். கந்தளாயில் டீச்சரும் அதே பஸ்ஸில் ஏறினார். நபீஸா கட்டி வந்த இடியப்பத்தை மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். மண்டப வாசலில்தான் சிக்கல் தெரிந்தது. ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள்.

"நான் வெளியில நிக்கிறன்" என்றார் டீச்சர் உடனே. "தாய் தகப்பன் போறதுதான் முறை."

"இல்ல டீச்சர், நீங்க போங்க" என்றார் பக்கீர்.

"அதெப்பிடி? பெத்த தகப்பன் நீங்கள்."

"நான் அவள் பொறந்த நாளில இருந்து பாத்திட்டுத்தானே இருக்கன். நீங்க போய்ப் பாத்தா எண்ட மனசு நிறையும். போங்க, போங்க, பெல் அடிச்சிட்டான்."

இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பரீதா கறுப்பு அங்கியோடு மேடையில் ஏறியபோது, மண்டபத்தின் நடுவில் நபீஸாவும் அன்னலட்சுமியும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் அவர்கள் உட்காரவில்லை. வெளியே, பஸ் நிறுத்துகிற இடத்தில், பக்கீர் ஒரு சிங்களச் சாரதியோடு எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்திலிருந்து கைதட்டல் கேட்ட ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்து, "இது எண்ட மகளாத்தான் இருக்கும்" என்று அந்த மனிதரிடம் சொன்னார்.